பெஹாலா ஓடுதளத்தில் பாதி புதைந்த விமானம்

என்னிடம் உள்ள தாள்களில் முதலாவது, கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு பக்கம். மேலே வலது மூலையில் "ஜனவரி 12, ஞாயிறு" என்று இருக்கிறது. தேதி மட்டும் என் கையெழுத்து. மற்றதெல்லாம் அவர் எழுதியது. எதற்கும் தேதி போடும் பழக்கம் இல்லாதவர் அவர். அவர் டாக்சி ஏறிப் போன பிறகு நான்தான் போட்டேன்.

"அண்ணாச்சிக்கு. வாங்கத் தகுந்தது: அந்த ரெண்டு சீட்டுப் பழைய விமானம். அதை உங்க கணக்குல நானே வாங்கிப் போட்டுட்டேன். வேற ஒண்ணும் வேண்டாம். ஞாயிறு காலை எட்டு மணி. பெஹாலா."

இந்தத் தாள் தொலைக்காட்சிக்குப் பக்கத்துச் சுவரில், நாள்காட்டிக்குக் கீழே இன்னும் ஒட்டியிருக்கிறது. இதில் "வேற ஒண்ணும் வேண்டாம்" என்ற மூன்றாவது வாக்கியத்தை நான் எப்படி மீறினேன், அதனால் நான்காவதற்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அவர் என்னோடு இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் ஒரே வீட்டில் இருந்தவர். திருநெல்வேலிப் பக்கம். மென்பொருள் வேலை. தமிழ் ஆள் ஒருவர் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது என்று யாரோ சொல்லி, ஒரு பெட்டியும் ஒரு வீடியோ கேம் கன்சோலுமாக வந்து இறங்கினார். வயதில் எனக்கு இருபது ஆண்டு இளையவர். முதல் நாளே அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதற்கு முன் அந்தச் சொல்லால் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

நான் கொல்கத்தாவில், அலிப்பூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து பதினொரு ஆண்டு. மூன்று ஆண்டு கழித்துத் திரும்ப மனு போடலாம் என்றார்கள். போடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருச்சியில் அக்கா இருக்கிறாள். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை தொலைபேசியில் பேசுவோம். அலுவலகத்தில் இந்தியும் ஆங்கிலமும், தெருவில் எனக்குத் தெரிந்த அளவு வங்காளியும். படிப்பது எழுதுவதெல்லாம் தமிழ்தான், ஆனால் படிப்பதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை.

அவருடைய கன்சோலில் ஒரு விமான சிமுலேட்டர், அதாவது திரையில் விமானம் ஓட்டும் விளையாட்டு, இருந்தது. உலகம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. எந்த ஊரிலிருந்தும் புறப்படலாம். எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேர நடையில் பெஹாலாவின் சின்ன விமானத்தளம் இருக்கிறது. மதில் ஓரமாக நான் ஆயிரம் தடவை நடந்திருப்பேன், உள்ளே போனதில்லை. சிமுலேட்டரில் அவர் என்னை முதல்முதலாக உட்கார வைத்தது அந்த ஓடுதளத்தில்தான். அங்கிருந்து கிளம்பி, ஆற்றைப் பிடித்துக்கொண்டு தெற்கே டைமண்ட் ஹார்பர் வரை போவோம். சில நாள் கடல் வரைக்கும். கன்ட்ரோலரைக் கைமாற்றிக் கைமாற்றி ஓட்டுவோம். நான் ஓட்டும்போது அவர் தேங்காய் பிஸ்கட் தின்றுகொண்டே, "அண்ணாச்சி, மூக்கைக் கொஞ்சம் இறக்குங்க, எங்க சொர்க்கத்துக்கா போறிய?" என்பார்.

சிமுலேட்டருக்குள் நிஜ வானிலையை வரவழைக்கலாம். வெளியே ஜன்னலில் மழை பிடித்தால், கொஞ்ச நேரம் கழித்துத் திரையிலும் பிடிக்கும். அந்த இடைவெளியைக் கடிகாரம் வைத்து ஒன்பது முறை அளந்து எழுதியிருக்கிறேன். அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வெகு நேரம் சிரித்தார். பத்தாவது முறை மழை வந்தபோது, ஞாபகமாக என்னைக் கூப்பிட்டுக் கடிகாரத்தையும் கையில் கொடுத்தவர் அவர்தான்.

ஜனவரியில் அவருக்கு ஹைதராபாத் மாற்றல் வந்தது. பிப்ரவரியில் கல்யாணம். கன்சோலை எடுத்துப் போகவில்லை. "இது இங்கனயே கெடக்கட்டும். நான் அங்க போய் ஒண்ணு வாங்கிக்கிடுதேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஏறுனா திரையில ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கலாம்" என்றார். அப்படித்தான் ஞாயிறு காலை எட்டு மணி வந்தது. ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, ஓடுதளத்தின் வடக்கு முனையில் ஒரே வகையைச் சேர்ந்த எங்கள் இரண்டு சின்ன வெள்ளை விமானங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இஞ்சின் சூடாகும் வரை பேசிக்கொண்டிருப்போம். ஒன்றரை மணி நேரம். அக்காவோடு பேசும் மாதத்து ஒரு மாலையை விட்டால், வாரத்தில் நான் வாய் திறந்து தமிழ் பேசியது அவ்வளவுதான்.

அது நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலையாக இருந்தது. அவர் போன இரண்டாவது வாரமே அந்தக் கவலை வந்துவிட்டது. கல்யாணம் ஆகப் போகிறவர், புது ஊர், புது வேலை. ஒவ்வொரு ஞாயிறும் அதே ஓடுதளம், அதே ஆறு என்றால் எத்தனை நாள் வருவார்? ஆகவே அவரை வரவழைக்கும்படி புதிதாக ஏதாவது இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். ஆட்-ஆன்களைத் தேட ஆரம்பித்தது அப்போதுதான்.

ஆட்-ஆன் என்றால், மூல சிமுலேட்டரோடு வராமல் நாம் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்வது. ஒரு விமானமாக இருக்கலாம், ஒரு விமான நிலையமாக இருக்கலாம், ஒரு நகரமாகவோ வெறும் வண்ணப் பூச்சாகவோ இருக்கலாம். கணினியில் ஓட்டுகிறவர்களுக்கு இதில் சுதந்திரம் அதிகம். எங்கெங்கிருந்தோ இலவசமாகக்கூட இறக்கிக்கொள்வார்கள். கன்சோல்காரனுக்கு ஒரே ஒரு கடைதான், அது சிமுலேட்டருக்கு உள்ளேயே இருக்கிறது. அங்கே வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது லேசில்லை. கன்சோலின் நினைவக வட்டில் இடம் குறைவு. கனமான ஆட்-ஆன் இரண்டைச் சேர்த்துப் போட்டால் தரையிறங்கும் நேரம் பார்த்துப் படம் உறைந்துபோகும். அதனால் கன்சோல்காரன் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும்.

பொறுக்கும் வேலை எனக்குப் பிடித்தது. அதற்கென்று தனி நோட்டு போட்டேன். விளம்பரப் படங்களைப் பார்க்கவே கூடாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. எல்லாப் படத்திலும் சூரியன் மறைந்துகொண்டிருக்கும், அந்த வெளிச்சத்தில் எதுவும் அழகாகத்தான் தெரியும். நட்சத்திரங்களையும் நம்ப முடியாது. வாங்கின அன்றைய குஷியில் போட்டவை அவை. நான் பார்த்தது தேதியை. சிமுலேட்டரின் கடைசிப் பெரிய மாற்றத்துக்குப் பிறகு இந்த ஆட்-ஆனைச் செய்தவர் ஒரு தடவையாவது திருத்தியிருக்கிறாரா? இல்லையென்றால் அவர் அதைக் கைவிட்டுவிட்டார் என்று பொருள், எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் வாங்கக் கூடாது. அடுத்து, வாங்கி ஒரு மாதம் கழித்து எழுதப்பட்ட கருத்துகள். "இன்னும் தினமும் ஓட்டுகிறேன்" என்று ஒருவர் எழுதியிருந்தால் அது நூறு "அற்புதம்"களுக்குச் சமம். பெரிய பயணிகள் விமானங்களைத் தவிர்த்தேன். அவற்றின் விமானி அறையில் நூற்றுக்கணக்கில் சுவிட்சுகள், என் கன்ட்ரோலரில் இருப்பதோ பதினாறு பொத்தான். அவர் வாங்கிக் கொடுத்த இரண்டு சீட்டு விமானம் இந்த எல்லாச் சோதனையிலும் தேறியது. மெதுவாகப் போகும், ஒவ்வொரு சுவிட்சும் வேலை செய்யும், இடத்தை அடைக்காது. என் சோதனைகள் எதுவும் தெரியாமல், அவர் சும்மா ஒரு பார்வையில் எடுத்தது அது.

மார்ச் மாதம் முழுக்கத் தேடி, ஏப்ரல் முதல் வாரத்தில் நான் வாங்கியது கொல்கத்தாவைச் சுற்றியுள்ள சின்ன ஓடுதளங்களின் தொகுப்பு ஒன்று. பெஹாலாவும் அதில் உண்டு. மூல சிமுலேட்டரில் எங்கள் பகுதி வேடிக்கையாக இருக்கும். குளம் இருக்க வேண்டிய இடத்தில் புல்வெளி. எங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில், எந்த நாட்டிலோ பனி வழிவதற்காகக் கட்டியதுபோல் சரிந்த கூரையோடு ஒரு வீடு. ஆட்-ஆனில் குளம் குளமாக இருந்தது. தட்டையான மொட்டை மாடிகள், அவற்றின் மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் காயும் துணிகள். எங்கள் தெரு திரும்பும் இடத்தில் இரண்டு மாடிக் கட்டிடம் ஒன்று சரியாக எங்கள் வீட்டின் இடத்தில் நின்றது. சனிக்கிழமை மாலை அதன் மேலேயே ஏழு தடவை வட்டமடித்தேன். அவரிடம் காட்ட வேண்டும் என்று அடுத்த நாள் காலை ஏழரைக்கே போய் ஓடுதளத்தில் நின்றேன்.

ஏப்ரல் 6. அவர் எட்டேகாலுக்கு வந்தார். வந்ததும் ஹெட்செட்டில் ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து சிரிப்பு.

"அண்ணாச்சி, என்னத்த பண்ணிட்டு இருக்கிய? அந்தரத்துல தொங்குதிய!"

"இல்லையே தம்பி. தரையிலதானே நிக்கறேன். நீங்கதான் பாதி மண்ணுக்குள்ள இருக்கீங்க. சக்கரமே காணோம்."

"நான் மண்ணுக்குள்ளயா? உங்க வண்டிக்கு அடியில ஒரு ஆளு குடை பிடிச்சிக்கிட்டுப் போலாம், அவ்ளோ உயரத்துல நிக்கிய."

சிறிது நேரத்தில் காரணம் புரிந்தது. ஆட்-ஆனைச் செய்தவர் ஓடுதளத்தைச் சமன்படுத்தும்போது தரையைச் சற்று உயர்த்தியிருக்கிறார். என்னிடம் அந்த உயர்ந்த தரை, அவரிடம் பழைய தரை. என் திரையில் அவர் புதைந்திருந்தார், அவர் திரையில் நான் மிதந்தேன். அவருடைய மனைவியின் குரல் பின்னாலிருந்து கேட்டது. "யாருங்க அது, அந்தரத்துல தொங்குற சாரா? தொங்கட்டும், நீங்க வந்து பால் அடுப்பைப் பாருங்க." அதற்குப் பிறகு நான் எப்போது வந்தாலும் அந்த அம்மா, "உங்க அந்தரத்து அண்ணாச்சி வந்தாச்சு" என்று சொல்வது கேட்கும். அந்த அம்மா அதைக் கேலியாகச் சொல்லவில்லை, வீட்டில் ஒருவரைக் குறிப்பிட ஒரு பெயர் வேண்டுமே. அன்று எனக்கு அது தைத்தது. நோட்டில் எழுதியிருக்கிறேன்.

"ஒரு காரியம் செய்யுங்க அண்ணாச்சி. அதை எடுத்துருங்க. ரெண்டு பேரும் பழைய தரையிலயே நிப்போம்" என்றார்.

"அதுல நம்ம வீடு இருக்கு தம்பி. குளம்கூட இருக்கு. நீங்களும் அதை வாங்கிட்டா சரியாப் போயிடும்."

"பாக்கலாம்" என்றார்.

அவர் வாங்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவர் புதைந்தபடியும் நான் மிதந்தபடியும் இஞ்சினைச் சூடேற்றினோம். ஆகாயத்தில் ஏறிவிட்டால் வித்தியாசம் தெரியாது. தரையில் நிற்கும் நேரம்தான் பிரச்சினை, நாங்கள் பேசிக்கொண்டிருந்ததும் பெரும்பாலும் தரையில்தான். அவர் இஞ்சின் சூடாகும் முன்பே, "கிளம்புவோமா" என்று கேட்க ஆரம்பித்தார். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. நேரங்களை எழுதி வைத்திருந்ததால் பிறகு தெரிந்தது.

மே 18 அன்று நான் செய்ததை மாற்றாமல் எழுதுகிறேன். நான்கு பக்கத்தில் ஓர் அறிக்கை தயார் செய்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இருவரும் வாங்கத் தகுந்த ஆட்-ஆன்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் கடைசித் திருத்தத் தேதி, வட்டில் பிடிக்கும் இடம், என் மதிப்பீடு. எந்த மாதத்துக்குள் எதை வாங்கலாம் என்று ஓர் அட்டவணை. அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நான்காம் பக்கத்தின் கீழே ஒரு சிறு பத்தி சேர்த்தேன்: ஜனவரி 19 முதல் இன்று வரை பதினெட்டு ஞாயிறுகள், தாங்கள் வந்தவை பதினான்கு, எட்டு மணிக்கே வந்தவை ஆறு. வராத நான்கில் இரண்டு, அவருடைய கல்யாண வாரங்கள். அவற்றையும் எண்ணியிருந்தேன்.

குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. இருபத்தாறு ஆண்டு ஆவணப் பிரிவில் இருப்பவனுக்கு, ஒரு விஷயம் தனக்கு முக்கியம் என்று காட்ட வேறு வழி தெரியவில்லை. எண்ணி வைத்திருக்கிறேன் என்றால் காத்திருந்தேன் என்று அவர் புரிந்துகொள்வார் என நினைத்தேன்.

மாலையில் பதில் வந்தது. "சூப்பர் அண்ணாச்சி. ஆபீஸ்ல மேனேஜர் அனுப்புத மாதிரியே இருக்கு." பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்று. அடுத்த இரண்டு ஞாயிறும் எட்டு மணிக்குச் சரியாக வந்தார். சரியாக வந்தார் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு நாளும் மூக்கை இறக்கச் சொல்லவில்லை. பிஸ்கட் சத்தமும் இல்லை. ஜூன் 8 வரவில்லை. "கொஞ்சம் வேலை அண்ணாச்சி" என்று எழுதினார். 15-ஆம் தேதிக்கும் அதேபோல். 22-ஆம் தேதிக்கு ஒன்றும் எழுதவில்லை.

ஜூலையில் ஒருநாள் கீழ் வீட்டுக்கார அம்மாள் மாடிப்படியில் நிறுத்தினார். வீட்டின் சொந்தக்காரர், தெருவில் எல்லோரும் மாஷிமா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. கையில் பால் பாக்கெட். "ரொபிபாரே ஆர் கொலா ஷுனி நா கேனோ?" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் குரல் கேட்பதில்லையே, ஏன் என்று கேட்கிறார். நான் ஹெட்செட்டில் பேசியதெல்லாம் தளத்தின் வழியே அவருக்குக் கேட்டிருக்கிறது. ஒரு வார்த்தை புரிந்திருக்காது. "முன்பெல்லாம் சிரிப்பீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று வங்காளியிலேயே கேட்டார். ஒன்றும் இல்லை மாஷிமா, வேலை அதிகம் என்றேன். மேலே வந்து யோசித்தபோது, ஜூனில் தம்பி எனக்கு எழுதிய காரணத்தையே நான் மாஷிமாவிடம் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது.

அதன் பிறகு நான் என் விதிகளையே மீறி வாங்க ஆரம்பித்தேன். பனிமலைகளின் தொகுப்பு ஒன்று. தண்ணீரில் இறங்கும் விமானம் ஒன்று. வேண்டாம் என்று விலக்கி வைத்திருந்த பெரிய பயணிகள் விமானம்கூட. அதில் விளக்குப் போடும் பொத்தானைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போயிற்று. ஒவ்வொன்றையும் வாங்கியதும் படம் எடுத்து அவருக்கு அனுப்புவேன், சூரியன் மறையும் நேரமாகப் பார்த்து. பார்த்துவிட்டார் என்பதற்கான நீலக் குறி வரும். சில சமயம் ஒரு கட்டைவிரல். ஆகஸ்ட் முடிவில் வட்டு நிரம்பிவிட்டது. சிமுலேட்டர் திறக்க முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. ஏதோ ஒரு தூரத்து ஓடுதளத்தில் அந்நியர்களின் பெயர்கள் விமானங்களுக்கு மேல் மிதப்பதைப் பார்க்கப் பிடிக்காமல், மற்றவர்கள் பெயரைக் காட்டும் வசதியையும் அணைத்து வைத்தேன். இது பிறகு முக்கியமாகிறது, அதனால் தேதி: செப்டம்பர் 7.

செப்டம்பர் 28, ஞாயிறு. துர்கா பூஜையின் சஷ்டி. தெருமுனைப் பந்தலில் காலையிலேயே டாக் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த மேளம் ஜன்னல் கண்ணாடியில் அதிர்ந்தது. மாஷிமா வீட்டுக்கு மகனும் மருமகளும் வந்திருந்தார்கள், படியெல்லாம் புதுச் செருப்புகள். நான் எட்டு மணிக்குக் கன்சோலைப் போட்டேன். ஆட்-ஆன்கள் ஒவ்வொன்றாக ஏறி முடித்துப் பெஹாலா திரைக்கு வரும்போது எட்டு பத்து.

ஓடுதளத்தின் வடக்கு முனையில் ஒரு விமானம் நின்றது. வெள்ளை, வாலில் சிவப்புக் கோடு, இரண்டு சீட்டு, பழைய வகை. பாதி தரைக்குள் புதைந்திருந்தது. சக்கரம் தெரியவில்லை. மூக்கில் சுழலும் விசிறியின் கீழ்முனை ஒவ்வொரு சுற்றிலும் மண்ணுக்குள் போய்ப் போய் வந்தது.

ஜனவரி முதல் அன்று வரை பெஹாலாவில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் வந்து நின்றதாக என் பதிவில் இல்லை. யார் ஓட்டுவது என்று பார்க்க, பெயர் காட்டும் வசதியைத் திரும்பப் போட வேண்டும். அது அமைப்புகளில் மூன்று திரை உள்ளே இருக்கிறது. நான் அதைப் போட்டுவிட்டு வெளியே வருவதற்குள் ஓடுதளம் காலியாகிவிட்டது. தெற்கே, ஆற்றுப் பக்கம், ஒரு புள்ளி போய்க்கொண்டிருந்ததுபோல் இருந்தது. பின்னால் போனேன். டைமண்ட் ஹார்பர் வரைக்கும் யாரும் இல்லை.

நண்பர்கள் பட்டியலில் அவர் பெயர் மங்கலாகத்தான் இருந்தது, அதாவது இணைப்பில் இல்லை. ஆனால் அப்படித் தோன்றும்படி வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. சிவப்புக் கோடு அந்த விமானத்தோடு இயல்பாகவே வரும் பூச்சு, அவருடையது என்று சொல்ல அது போதாது. அந்த விமானமும் பலர் வைத்திருப்பது. புதைந்து நின்றதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: ஓட்டியவர் யாராக இருந்தாலும் அவரிடம் என் ஆட்-ஆன் இல்லை.

"இன்னிக்குக் காலையில பெஹாலாவுல நீங்களா தம்பி?" என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தேன். வருகைப் பதிவேட்டில் இன்னொரு வரிபோல இருந்தது. அழித்துவிட்டேன்.

அன்று மத்தியானம், வெளியே மேளம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்க, ஆட்-ஆன்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். பனிமலை முதலில். பயணிகள் விமானத்துக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடைசியில் சின்ன ஓடுதளங்களின் தொகுப்பு. அதை எடுப்பதற்கு முன் ஒருமுறை ஏறி, குளத்தையும் மொட்டை மாடியையும் பார்த்தேன். கொடியில் இருந்த துணி ஏப்ரலில் தொங்கிய அதே துணி, காற்றுக்கு அசையாதது. எடுத்துவிட்டு மறுபடி திறந்தபோது குளம் புல்வெளியாகியிருந்தது, எங்கள் வீட்டுக்குச் சரிந்த கூரை வந்திருந்தது. சிமுலேட்டர் சீக்கிரம் திறந்தது. எஞ்சியது அவர் வாங்கிக் கொடுத்த ஒன்று மட்டும்.

அவருக்கு ஒரு வரி அனுப்பினேன். தேதி, எண்ணிக்கை எதுவும் சேர்க்கவில்லை. "எல்லாத்தையும் எடுத்துட்டேன் தம்பி. இப்ப நானும் பழைய தரையிலதான் நிக்கறேன்."

நீலக் குறி அன்றிரவு வந்தது. பதில் செவ்வாய்க்கிழமை.

"அண்ணாச்சி! பூஜையெல்லாம் எப்படிப் போவுது? நாங்க வீடு மாத்திட்டோம். அவளுக்கு டிசம்பர்ல தேதி குடுத்திருக்காங்க, அதான் அவங்க அம்மா வீட்டுப் பக்கத்துலயே பாத்துட்டோம். கன்சோலைப் பெட்டி கட்டுனது கட்டுனபடியே கெடக்கு, இன்னும் பிரிக்கல. பிரிச்சதும் வாரேன். அந்தரத்துல தொங்காம இருங்க. அவ கேட்டதாச் சொல்லச் சொன்னா."

டிசம்பரில் குழந்தை. நான் அறிக்கை அனுப்பிய மே மாதத்திலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம், அல்லது கொஞ்சம் கழித்து. ஜூன் மாத "கொஞ்சம் வேலை"க்கு அதுதான் காரணமோ, என் நான்காம் பக்கமோ, இரண்டுமோ. நான் கேட்கவில்லை. வாழ்த்துச் சொல்லி, அந்த அம்மாவுக்கும் தனியாக ஒரு வரி எழுதினேன். கீழே "அந்தரத்து அண்ணாச்சி" என்று போட்டேன். உடனே ஒரு சிரிப்பு முகம் வந்தது, அது அவர் போட்டதா அந்த அம்மா போட்டதா தெரியவில்லை.

அக்டோபர் 5, 12, 19, 26. நான்கு ஞாயிறும் எட்டு மணிக்குப் பெஹாலாவின் வடக்கு முனையில் விமானத்தை நிறுத்தி, இஞ்சினைச் சூடேற்றினேன். பெயர் காட்டும் வசதி போட்டபடியே இருக்கிறது. யாரும் வரவில்லை. ஒன்பது மணிவரை பார்த்துவிட்டு ஆற்றோரமாக ஒரு சுற்றுப் போய்த் திரும்புகிறேன். நான்காவது ஞாயிறு தரையிறங்கும்போது, "மூக்கை இறக்கு" என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் மாஷிமா படியில் பார்த்து, நண்பர் வந்துவிட்டாரா என்று கேட்டார். பெட்டி இன்னும் பிரிக்கவில்லை என்றேன். அவர் எந்தப் பெட்டி என்று கேட்காமல் தலையாட்டினார்.

செப்டம்பர் 28 அன்று காலை எட்டு பத்துக்கு ஓடுதளத்தில் புதைந்து நின்ற விமானம் அவருடையதாக இருக்க வேண்டுமானால், கன்சோலைப் பெட்டி கட்டியது அதற்குப் பிறகாக இருக்க வேண்டும். ஞாயிறு காலைக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. வீடு மாற்றப் போதும். அதற்கு முன்பே கட்டியிருந்தால் அது வேறு யாரோ. அவர் தேதி எழுதவில்லை, எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. பெட்டி கட்டிய நாள் எது என்பது இதை எழுதும் வரை சரிபார்க்கப்படவில்லை.